காலுறைக்கு வாய் வைத்தேன்

தொலைக்காட்சிப் பொம்மைக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்களாம். என் பேரனுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. "அப்படின்னா நீங்களும் உள்ள போங்க தாத்தா" என்றான். பாகான் டாலாம் அடுக்குமாடி வீட்டில் 'உள்ளே' என்று சொல்ல இருப்பது சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சந்து மட்டுமே.

எந்த வேலையையும் தள்ளிப்போட நல்ல வழி, அதைப் பற்றிப் படிப்பது. படித்தேன். 'செசமி ஸ்திரீட்' தொலைக்காட்சித் தொடரின் மஞ்சள் பறவை பிக் பெர்ட், 8 அடி 2 அங்குலம். 1969 முதல் அதற்குள் நின்றவர் கேரல் ஸ்பின்னி. தலைக்கு மேல் தூக்கிய அவர் வலக்கைதான் பறவையின் கழுத்து, தலை, அலகு எல்லாம். சுண்டுவிரல் கண்ணைப் பார்த்துக்கொள்ளும். இடக்கை இடச் சிறகுக்கு. அதோடு கை தீர்ந்துவிட்டதே, வலச் சிறகுக்கு? தூண்டில் நரம்பால் அதை இடக்கையோடு இணைத்துவிட்டார்கள். இது இறங்கினால் அது ஏறும். வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க நெஞ்சில் கட்டிய சின்னத் திரை. எண்பதை எட்டியும் மனிதர் அப்படியே நின்றிருக்கிறார். 2015க்குப் பிறகுதான் குரலோடு நிறுத்திக்கொண்டு, 2018இல் ஓய்வு பெற்றார்.

எங்கள் பக்கத்திலிருந்து ஃபெர்ரி ஏறினால் ஜார்ஜ்டவுன். அங்கே தியோச்சூ சீனப் பொம்மலாட்டக்காரர்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு கம்பிகளால் பொம்மைகளை ஆட்டுகிறார்கள். உட்கார்ந்தே செய்கிற கலை இவ்வளவு பக்கத்தில் இருக்க, கைதூக்கும் கலையிடம் போய் மாட்டினேன்.

பழைய காலுறைக்குச் சட்டைப் பொத்தான்கள் கண்களாயின. பொம்மை பேசும்போது கட்டைவிரல் கீழே இறங்க வேண்டும், அதுதான் தாடை. என் வழக்கப்படி நான்கு விரல்களும் மேலே போயின. ஒவ்வொரு சொல்லுக்கும் காலுறை கூரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கைத்தொலைபேசித் திரையைக் கண்ணாடி மாதிரி காட்டாதபடி மாற்றிவைத்து, அதைப் பார்த்து ஆட்டினேன். தொழில்காரர்களின் திரை அப்படித்தான், அவர்களுக்கு அது பழகிய சங்கதி. நான் பொம்மையை இடப்பக்கம் நகர்த்த, திரையில் அது வலப்பக்கம் ஓடியது. துரத்திப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டேன். பேரனுக்கு அந்தக் காட்சிதான் பிடித்தது.

அதே 'செசமி ஸ்திரீட்'டின் ஏர்னி மாதிரி பொம்மைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். தலையும் இடக்கையும் ஒருவருக்கு, வலக்கை இன்னொருவருக்கு. அந்த வலக்கை வேலைக்கு மனைவி வந்தாள். என் காலுறை "முறுக்கு வேணாம், சுகர் இருக்கு" என்று அடக்கமாகச் சொல்லும்போதே அதன் கை தட்டை நோக்கிப் போனது. நான் எழுதாத வசனத்துக்குத்தான் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆட்டம் முடிந்ததும் பாராட்டை எதிர்பார்த்துச் சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். மனைவி என் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிச் சுத்தம் என்றாலே மேலே தூக்க மறுக்கும் தோள் அது. வருடக்கணக்காக அதற்குத் தைலம் தேய்த்துவிடுபவள் அவள்தான்.

"என்னங்க, இவ்வளவு நேரம் கையைத் தூக்கியே வெச்சிருந்தீங்களே, வலிக்கலையா?"

"கலைன்னு வந்துட்டா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் ஈரத்துணியைக் கொண்டுவந்தாள். "ஹால்ல ஒரு காத்தாடி, ரூம்ல ரெண்டு. பொம்மையும் கையிலயே இருக்கட்டும், புள்ளை பாக்கட்டும்."