பென்னிகுவிக்: இடப்பெயரா, தொழிற்பெயரா?

ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களில் கணிசமானவை, அந்த வீட்டு முப்பாட்டன் என்ன வேலை பார்த்தான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்மித் என்றால் கொல்லன். பேக்கர் என்றால் ரொட்டி சுட்டவன். டெய்லர் தையற்காரன், தாட்சர் கூரை வேய்பவன். பிரதமர் மார்கரெட் தாட்சர் எந்தக் கூரையிலும் ஏறியதில்லை. அவருக்கு அந்தப் பெயர் கணவர் வழியில் வந்தது. நம் நாட்டில் இந்தத் துறையைப் பார்சிகள் வெகு சிரத்தையாக வளர்த்தார்கள். ஃபரூக் இன்ஜினியர் இந்திய அணிக்கு விக்கெட் காத்தார், நாரி கான்ட்ராக்டர் அதே அணிக்குத் தலைவராக இருந்தார். தமிழ்நாட்டின் பங்கு என்ன என்று கேட்டால் அறிஞர்கள் தலையைச் சொறிகிறார்கள். தேனிப் பேருந்து நிலையத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் சொறிய வேண்டியிருக்காது. பெரியாற்றில் அணை கட்டிய பொறியாளரின் பெயரை, ‘கர்னல் ஜான் பென்னிகுவிக்’ என்று, அங்கே எழுதியே வைத்திருக்கிறது.

இந்தப் பெயர் இங்கிலாந்தில் அரிது. லண்டனில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு பென்னிகுவிக் அகப்படுவது சந்தேகம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் வழியிலேயே போனால் கடைப் பலகையில், ஃப்ளெக்ஸில், ஆட்டோ முதுகில், பள்ளி வருகைப் பதிவேட்டில் எல்லாம் பென்னிகுவிக் இருப்பார். சில வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசையோடு மாட்டியிருப்பார், பொட்டும் வைத்திருக்கும். ஒரு தாவரம் பிறந்த மண்ணில் அருகி, வந்த மண்ணில் காடாய் மண்டினால் தாவரவியலார் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்களுக்கு அப்படி நேர்ந்தால் என்ன சொல்வது என்று யாரும் வகுக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பாடபேதம். ‘பென்னிகுவிக்’ என்பது அரசு எழுத்து. ‘பென்னிகுயிக்’ என்பது ஊர் எழுத்து. ‘பென்னிக்விக்’ அவசரக்காரர்களுடையது. ‘பென்னிகுக்’ என்று எழுதுபவர்கள் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், அதனாலேயே அவர்களை யாரும் நம்புவதில்லை. இதில் இலக்கணம் யார் பக்கம் என்று பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. பெயரைப் ‘பென்னிகு’ என்றும் ‘இக்’ என்றும் பிரித்துக்கொள்வோம். இகர, ஈகார, ஐகாரங்களை அடுத்து உயிர் வந்தால் நடுவில் யகரம் தோன்றும், மற்ற உயிர்களுக்கு வகரம் தோன்றும் என்பது நன்னூல் படித்த எவருக்கும் தெரியும். உகரத்தை அடுத்து இகரம் வருவதால் இங்கே வரவேண்டியது வகரமே. ஆகவே பொதுப்பணித்துறையின் ‘பென்னிகுவிக்’ பவணந்தி முனிவருக்குக் கட்டுப்பட்டது, ஊராரின் ‘பென்னிகுயிக்’ கட்டுப்படாதது. அரசு அலுவலகப் பலகை ஒன்றில் இலக்கணம் சரியாக அமைவது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் இதைப் பதிவு செய்கிறோம். கடுமையான இலக்கணிகள் இன்னும் ஒரு படி போவார்கள். ‘கு’ இங்கே குற்றியலுகரம், உயிர் வந்தால் அது கெட்டே தீர வேண்டும், ஆதலால் சரியான வடிவம் ‘பென்னிகிக்’ என்பார்கள். அந்தப் பெயரைக் கம்பத்தில் யார் உரக்கச் சொல்லிப் பார்ப்பது?

விவரம் தெரிந்தவர்களின் ‘பென்னிகுக்’ வடிவத்துக்கு வேறொரு சங்கடம். தமிழ்க் காதுக்கு அது பிறக்கும்போதே நான்காம் வேற்றுமை ஏற்றுப் பிறந்ததுபோல் இருக்கிறது. பென்னிக்கு என்றால் யாரோ பென்னி என்பவருக்கு. பென்னிகுக்குக்கு மாலை போட்டாயிற்றா என்று கேட்டால் மாலை யாருக்கு என்று தெளிவதற்குள் விழா முடிந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இந்த உச்சரிப்பைக் கைவிட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி பொருள். பென்னி என்பது ஆங்கிலேயரின் சில்லறைக் காசு, குக் என்பது சமையற்காரர். எனவே காசுக்குச் சமைத்தவர் வம்சம், அசல் தொழிற்பெயர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர் உண்டு. அணைக்கட்டு வேலையில் ஆயிரக்கணக்கானோர் காட்டில் தங்கிச் சாப்பிட்டார்கள் என்பதால் இந்தக் கருத்துக்கு வெளித்தோற்றத்தில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஆனாலும் பொய். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் பெனிகுவிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுதுவது அப்படி, அவ்வூரார் சொல்வது ‘பெனிகுக்’. குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. அந்த ஊருக்குப் பெயர் வந்ததோ அங்கே ஆங்கிலம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பிருந்த பழைய பிரித்தானிய மொழியிலிருந்து. பொருள், குயில் குன்று.

இந்த இடத்தில் தமிழறிஞர் ஒருவர் எழுந்து நிற்பது உறுதி. பெண் குயில் என்பதே பென்னிகுயிக் என மருவிற்று, ஸ்காட்லாந்தில் முதலில் குடியேறியவர்கள் வருசநாட்டுப் பக்கத்து ஆட்களே என்று அவர் நிறுவ முற்படுவார். அவரை உட்கார வைக்க ஒரு பறவையியல் தகவல் போதும். குயிலில் பாடுவது ஆண். பெண் குயில் புள்ளி போட்டுக்கொண்டு இலைமறைவில் உட்கார்ந்திருக்கும், ஒரு குன்றுக்குத் தன் பெயரைப் பெறுகிற அளவுக்குக் குரல் கொடுக்காது. மேலும் ஸ்காட்லாந்துக் குயில் நம்மூர்க் கருங்குயிலும் அல்ல, அதன் தாயாதி. ஆனால் முட்டையை அடுத்த பறவையின் கூட்டில் இட்டுவிட்டுப் போகும் பழக்கம் இரண்டுக்கும் பொது. குயிலின் பெயரைத் தாங்கிய ஒரு சொல் தன் கூட்டை விட்டுக் கம்பத்துக் கூட்டில் பொரிந்ததற்கு இதைவிட இயல்பான விளக்கம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஊர்ப்பெயர் என்று ஒப்புக்கொண்டால் அதன் தன்மை ஆளுக்கு ஒட்டுமா என்பது அடுத்த கேள்வி. பெனிகுவிக் ஊரை ஒட்டி நார்த் எஸ்க் ஆறு ஓடுகிறது. அதன் தண்ணீர் வடகிழக்காக ஓடிக் கடலில் கலக்கிறது. நம் பெரியாறோ மேற்கே பார்த்து ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே ஓடும் ஆற்றங்கரையின் பெயரைச் சுமந்த ஒருவர் இதைப் பார்த்துச் சும்மா இருந்திருக்க முடியுமா? மேலும் அந்த ஊர் காகிதத்துக்குப் பேர்போனது, 1709இலேயே அங்கே காகித ஆலை வந்துவிட்டது. ஆற்றைத் திருப்புவதற்குக் கல்லும் சுண்ணாம்பும் எவ்வளவு வேண்டுமோ அதே அளவு காகிதமும் வேண்டும் என்பதைப் பெரியாற்று வழக்குகளைப் பின்தொடர்பவர்கள் அறிவார்கள்.

அந்தக் காகிதங்களில் தலையாயது 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான குத்தகைப் பத்திரம். எட்டாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், தவணை 999 ஆண்டு. ஆயிரமாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது, ஆனால் செருப்புக் கடைக்காரரும் சாம்ராஜ்யமும் அந்தக் கடைசி ஒன்றை விட்டுக்கொடுப்பதில்லை. திருவிதாங்கூர் சார்பில் அதில் கையெழுத்திட்டவர் திவான் வி. ராமய்யங்கார். பெயராய்வாளனுக்கு அந்த ‘வி’தான் புதையல். வெம்பாக்கம் என்னும் ஊரின் முதலெழுத்து அது. அணை கட்டியவர் தன் ஊரைப் பெயருக்குப் பின்னால் முழுசாக இழுத்துக்கொண்டு வந்தார், திவான் தன் ஊரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் செருகிக்கொண்டார். இருவரும் செய்தது ஒன்றே. தலையில் கட்டுவதா வாலில் கட்டுவதா என்பதில்தான் ஐரோப்பாவும் தமிழகமும் வேறுபட்டன.

எனவே இடப்பெயர் என்று முத்திரை குத்தி முடித்துவிடலாம். நாம் அப்படி முடிக்கப்போவதில்லை. ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15இல் புனாவில் பிறந்தார். அவருடைய எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், சிலியன்வாலா போரில், தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். அவர் ராணுவப் பொறியாளராகிச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதற்கு ஆள் அனுப்பிப் பார்த்திருந்தார். 1808இல் வந்து பார்த்த கால்ட்வெல் என்ற கேப்டன் இது வெறும் கனவு என்று எழுதிவிட்டுப் போனார். 1876-78 பஞ்சம் வந்து மதுரைச் சீமையைச் சூறையாடிய பிறகு கனவு கோப்பாயிற்று. 1887இல் வேலை தொடங்கியது. வெள்ளம் கட்டியதைக் கரைத்தது, காய்ச்சல் கட்டியவர்களைக் கரைத்தது. கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள், மதராஸ் பயனியர் பட்டாளம் வந்தது. கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பும் சுர்க்கியும் அரைத்தவர்கள் மலையடிவாரத்திலிருந்து ஏறிப் போனார்கள். நோயில் இறந்த 483 பேரை அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக, மேற்கே போக வேண்டிய தண்ணீர் கிழக்கே இறங்கி வைகையைச் சேர்ந்தது.

மனைவி நகையை விற்று அணையை முடித்தார் என்பது பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அணை மாகாண அரசின் பணத்தில் கட்டப்பட்டது என்று அங்கே போய் விளக்குவது ஆய்வாளனின் உரிமை. விளக்கி முடித்தபின் டீக்கான காசையும் அவனே கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் நம் கருதுகோள் வருகிறது. கொல்லன் செய்தது கொல்லு வேலை, அதை ஊருக்கு ஒருவர் செய்தார், ஆகவே ஸ்மித் மலிந்தது. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே இழுத்துவிடுவதும் ஒரு தொழிலே. அதற்கு ஆங்கிலத்தில் பெயர் இல்லை, தமிழிலும் பெயர் இல்லாமல் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு அதற்குப் ‘பென்னிகுவிக்’ என்று பெயர் வைத்தது. பெரிய தெம்போடு பேசுகிறவனைப் பார்த்து ‘நீ என்ன பென்னிகுவிக்கா?’ என்று கேட்டால் அங்கே அதற்கு உரை தேவைப்படாது. ஆகவே பெயர் பிறந்தபோது இடப்பெயர், வளர்ந்தபோது தொழிற்பெயர். தொழிலைச் செய்தவர் ஒருவர், பெயரை வைத்துக்கொண்டவர்கள் ஊரெல்லாம். இந்தக் கணக்கில் ஸ்மித் பக்கத்தில்கூட வர முடியாது.

மறுப்புகளும் உண்டு. அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுவிக் நீதிபதியானார், ஒரு வாய்க்காலைக்கூடத் திருப்பவில்லை. ஆங்கிலம் உலகெங்கும் பரவிய அரசியலை ஆராய்ந்த மொழியியலாளர் அலஸ்டேர் பென்னிகுக்; தன் பெயரே தேனிவரை பரவியிருப்பது அவருக்கு ஒரு துணை ஆய்வுக்கு ஆகும். கோலின் பென்னிகுவிக் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று கணக்குப் போட்டவர், ஆப்பிரிக்காவில் கிளைடரில் ஏறிக் கழுகுகளின் பின்னாலேயே பறந்தவர். இவரைக் குயிற் குன்றுக்காரர்கள் தங்கள் சாட்சியாக அழைக்கலாம். அழைத்துக்கொள்ளட்டும், அவர் ஆராய்ந்தது பிணந்தின்னிக் கழுகை, குயிலை அல்ல.

வேறு வெள்ளைக்காரர்களுக்கும் இப்படி நடந்ததில்லையா என்றால், நடந்தது. தாமஸ் மன்றோவின் பெயரை ராயலசீமையில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று வைத்தார்கள். மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டரை மக்கள் ‘பீட்டர் பாண்டியன்’ ஆக்கினார்கள். கவனித்தால் ஒன்று தெரியும். அவர்களுக்கெல்லாம் ஓர் அப்பாவோ பாண்டியனோ ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பென்னிகுவிக்குக்கு ஒட்டே போடாமல் அப்படியே முழுங்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் தமிழ் நாக்குக்கு மூன்று பேரில் கடினமானது அவர் பெயர்.

பிறந்த நாள் ஜனவரி 15 என்பது பெரிய உதவி. அது தைப் பொங்கலை ஒட்டி விழுகிறது, சில ஆண்டுகளில் பொங்கலன்றே விழுகிறது. இப்போது அது அரசு விழா. பொங்கல் பானையில் பால் பொங்கும்போது துரை பேரைச் சொல்லிக் குலவை போடுகிற ஊர்கள் இருக்கின்றன. லோயர் கேம்ப்பில் 2013இல் அதே தேதியில் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் கடைசிக்காலம் கழித்து 1911இல் மறைந்த கேம்பர்லியில் 2022இல் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது. ஓர் ஆங்கில ஊருக்கு அங்கே வாழ்ந்த ஆளைத் தேனிக்காரர்கள் போய் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

கடைசியாக, பெயரின் எதிர்காலம். ஸ்டாலின், லெனின், காஸ்ட்ரோ என்று அயல்நாட்டுப் பின்பெயர்களைப் பிள்ளைகளின் சொந்தப் பெயராக்குவது தமிழர்க்குக் கைவந்த கலை. பென்னிகுவிக்கும் அப்படியே வாலிலிருந்து தலைக்கு வந்தது. ஆனால் தமிழ்ப் பெயர்முறையில் எந்தப் பெயருக்கும் ஆயுள் இரண்டு தலைமுறை. கம்பத்துப் பென்னிகுவிக்குக்கு ஒரு மகன் பிறந்து அவன் முருகனானால், அவன் பெ. முருகன். ஸ்காட்லாந்துக் குன்று, குயில், ஆறு, அணை எல்லாம் ஒரு பெகரத்தில் அடங்கிவிடும். பேரன் காலத்தில் அந்தப் பெகரமும் போய் ‘மு’ வந்துவிடும்.

போகாமல் காப்பாற்றப்போவது பாஸ்போர்ட் அலுவலகம். அங்கே விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். பெ. முருகன் படிப்புக்கென்று பிரிட்டனுக்குப் போகும் நாளில் அவர் முருகன் பென்னிகுவிக். அப்பனும் பாட்டனும் திராட்சைத் தோட்டக்காரர்கள், நூற்றாண்டுக் கணக்கில் பரம்பரைப் பெயர் சுமந்தவர்கள் அல்லர். ஹீத்ரோவில் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்து, ஸ்காட்லாந்துக்காரராக இருந்தால் சரியாகவே, ‘மிஸ்டர் பெனிகுக்?’ என்பார். முருகன் அவரைத் திருத்துவார்: ‘குயிக் சார். பென்னிகுயிக்.’