ஓடிபி சார்

எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். நியமன ஆணையில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். ஆபீஸ் பிரிண்டர் மக்கர் பண்ணிய ஒருநாள், ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார், அது ஓடிவிட்டது. அன்றைக்கே பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதள வேலை மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. மாணவர் வருகைப் பதிவிலிருந்து விலையில்லாப் பொருள் கணக்குவரை இனி அவர்தான்.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. யார் கண்ணுக்கும் தப்பாதபடி, அட்டையில் 'பாஸ்வேர்டு' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருப்பார். உள்ளே தலைமையாசிரியர் தொடங்கி சத்துணவு அமைப்பாளர்வரை எல்லோருடைய ரகசியமும் அகர வரிசையில் இருக்கும். பாதிக்கு மேல் பேரப்பிள்ளைகளின் பெயர், பின்னால் 123. பள்ளிக்கென்று அவரே யோசித்து வைத்தது மட்டும் பலமானது: 33-இல் தொடங்கும் 11 இலக்க யுடைஸ் எண், அதாவது பள்ளியின் அடையாள எண். "எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது சார்!" அந்த எண் வாசல் சுவரில் அரையடி உயரத்தில் பெயின்டால் எழுதியிருக்கிறது.

ஹைடெக் லேபில் கீபோர்டை இடக்கையால் மறைத்துக்கொண்டுதான் டைப் அடிப்பார். ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். "சார், எஸ் கேப்பிடல் சார்" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் திருத்துவான்.

சாயங்காலம் 4 மணிக்கு மேலிடத்திலிருந்து 'உடனே' என்று பட்டியல் கேட்பார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதி, ஆதார் எண், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் ஏறி வாட்ஸ்அப் குழுவில் இறங்கும். அந்தக் குழுவில் மூவர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அதில் ஒருவர் இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

பெற்றோருக்கு எவனாவது போன் போட்டு, "உங்க பையன் எட்டாவது 'பி'தானே? ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்றால், வகுப்பும் பிரிவும் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடுகிறார்கள். இதைப் பற்றிக் காலை வணக்கக் கூட்டத்தில் நம்மவரைப்போல் பேச ஆள் கிடையாது. "பணம் வர்றதுக்குப் பின் நம்பர் வேணாம், போறதுக்குத்தான் வேணும்! ஏமாந்துட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க! ஓடிபியை யாருக்கும்…" அந்த இடத்தில் பி.இ.டி. சார் கீழிருந்து சைகை காட்டுவார். இவர் மைக்கை நகர்த்தாமலேயே "நாலு, ஏழு, ரெண்டு…" என்று ஆரம்பிப்பார்.

ஆளிடம் துளி கெடுதல் கிடையாது. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவன் உள்ளே நுழைய இந்த நல்ல மனசு போதும்.

கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக்கொண்டு போன பிறகும் பழைய பள்ளிகளின் ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். சாப்பாட்டுக் கையோடு படித்துச் சொல்வார். அப்படித்தான் ஒருநாள் ஒரு குரல் கேட்டது: "சார், பேங்க்ல இருந்து பேசறோம். ஒரு ஓடிபி வந்திருக்கும், பாருங்க."

"மூணு வந்திருக்கு. உங்களுக்கு எந்த ஸ்கூல் சார்?"

எதிர்முனையில் குழம்பிப்போய் போனை வைத்துவிட்டார்கள்.

லைன் கட்டாகிவிட்டதே, பாவம், அவசரமாக இருக்கும் என்று இவரே திரும்பக் கூப்பிட்டார்.