மலையனூர் பஸ்ஸும் ஜிப்மர் பஸ்ஸும்

எண்பதுகளில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அமாவாசை சாயங்காலம் என்றால் கூட்டம் தாங்காது. செஞ்சி வழியாக மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. எலுமிச்சம்பழப் பையும் போர்வையுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். நடுவில் தலைவிரிகோலமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டு அம்மாள் சகஜமாகக் கேட்பார்:

"என்னக்கா, மலையனூரா? யாருக்கு?"

"சின்னவளுக்குத்தாம்மா. காத்து சேட்டை. மூணு அமாவாசை வரச் சொல்லியிருக்காங்க."

"என் நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அங்காளம்மா பார்த்துக்குவா. நகர்ந்து உட்காருங்க, பொண்ணு சாஞ்சிக்கட்டும்."

ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. பஸ் செஞ்சியைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண்ணின் கதை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆளாளுக்கு ஆறுதல் சொல்வார்கள்.

என் அத்தையையும் அப்படித்தான் கூட்டிப் போனார்கள். இரண்டாவது பிரசவம் முடிந்த கொஞ்ச நாளில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தையைத் தன் குழந்தையே இல்லை என்றார். சுவரைப் பார்த்துப் பேசினார். ஊர் அதைப் பிரசவச் சன்னி என்றது. பாட்டிக்கோ கிணற்றடிப் புளியமரத்தின் மேல் சந்தேகம். அங்கே எப்போதோ ஓர் இளைஞன் தூக்கில் தொங்கியிருந்தானாம்.

நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சலில் ஆட, ஆயிரக்கணக்கான கைகளில் கற்பூரம் எரியும். கோயிலுக்கு வெளியே பம்பையும் உடுக்கையும் அதிரும். பம்பைக்காரர் அத்தையின் முகத்துக்கு நேரே குனிந்து அதட்டினார்: "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இவளைப் புடிச்ச?" அத்தை பேசினார். மாமியார் சொன்ன சொல், மாமா கேட்காமல் விட்ட கேள்வி, பசியோடு படுத்த ராத்திரிகள் எல்லாம் வெளியே வந்தன. பேசுவது பேய் என்பதால் யாரும் அவர் வாயை அடைக்கவில்லை. பிறகு வேப்பிலை அடி விழுந்தது. உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்தார்கள். அத்தை அலறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்தப் பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் 1997இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கே நடக்கும் பேயோட்டம், காதலனாகப் பெண்ணைப் பிடித்த பேயை விரட்டி மனைவியை மீட்டுக் கணவனிடம் சேர்க்கும் சடங்கு என்பது அவர் பார்வை. பெண்ணுக்கு அங்கே விடுதலை கிடைக்கிறது என்று அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அத்தை சொன்ன குறைகளில் ஒன்றையும் வீட்டில் யாரும் பிறகு எடுத்துப் பேசவில்லை. எல்லாம் பேயின் கணக்கில் போய்விட்டது.

சில மாதங்களில் அத்தை தேறினார். அது அதிர்ஷ்டம் என்று இன்று எனக்குத் தெரியும். அத்தைக்கு வந்தது ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு வருகிற மனநோய். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகக் குணமாகும். கொடுக்காவிட்டால் தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து.

அண்மையில் எங்கள் குடும்பத்தில் இளையவள் ஒருத்திக்கு அதே நோய் வந்தது. இம்முறை புளியமரத்தை யாரும் பழிக்கவில்லை. பிரசவம் பார்த்த டாக்டரே கண்டுபிடித்துச் சொன்னார். சில வாரங்களில் அவள் குழந்தையை மடியில் போட்டுச் சிரித்தாள். அத்தைக்குக் கிடைக்காத வைத்தியம் இவளுக்குக் கிடைத்ததில் எனக்கு ஏற்பட்ட நிறைவு சொல்லில் அடங்காது.

ஆனால் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை, ஏனென்றால் யாருக்கும் சொல்லவில்லை. வீடு விழுப்புரத்தில். முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனார்கள். பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். எதிர்ப்பட்ட உறவினரிடம், "சும்மா, துணி எடுக்கப் போறோம்." மாத்திரை அட்டையைப் பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்தார்கள். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதுதான் அம்மாவின் கவலை.

அன்று பழி செத்துப்போன எவனோ ஒருவன்மேல் விழுந்தது. பெண்மீதும் குடும்பத்தின்மீதும் குற்றமில்லை. எனவே வெட்கமும் இல்லை. சிவனே பிரம்மகபாலம் கையில் ஒட்டிக்கொள்ளப் பித்தனாய் அலைந்து மலையனூரில்தான் விடுபட்டார் என்று தலபுராணம் சொல்லும் ஊரில், பித்துப் பிடித்த பெண்ணை யார் இழிவாகப் பார்ப்பார்கள்? இன்று பேய் போய்விட்டது, நோய் வந்திருக்கிறது. நோய் என்றதும் அது அவளுடையதாகி, அவள் வம்சத்துடையதாகிவிட்டது. 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, தலைமுறை தலைமுறையாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை இன்னும் நாம் வசைச்சொல்லாகத்தானே வைத்திருக்கிறோம்?

மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்தது. அதற்குப் பிறகும், 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூர் ஆசிரமம் ஒன்றிலிருந்து மனநலம் குன்றியவர்களை மீட்டு முண்டியம்பாக்கத்தில் சேர்க்க வேண்டிவந்தது. கண்ணில் படாத இடத்தில் விட்டுவிட்டால் போதும் என்று குடும்பங்கள் நினைக்கும்வரை இத்தகைய இடங்களுக்கு ஆள் குறையாது.

பழைய காலம் திரும்ப வேண்டாம். வேப்பிலை அடியும் ஆணியும் யாருக்கும் வேண்டாம். அந்தப் பஸ்ஸில் இருந்த வெளிப்படையும், நகர்ந்து இடம் கொடுத்த மனசும் மட்டும் ஜிப்மர் பஸ்ஸிலும் வேண்டும். ஏர்வாடி தர்காவில் பிறகு பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதேபோல மேல்மலையனூரிலும் அமாவாசை இரவுகளில் ஒரு மனநல மருத்துவரும் செவிலியரும் உட்கார அறநிலையத் துறையும் மாவட்ட மனநலத் திட்டமும் வழிசெய்ய வேண்டும். நம்பிக்கையோடு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கும்பிட்டுவிட்டு டாக்டரையும் பார்த்துப் போகட்டும்.

வீட்டில் யாருக்காவது மாத்திரை நடக்கிறதென்றால், கல்யாணப் பேச்சு வருகிறதே என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். நம்பிக்கையான ஓர் உறவுக்காவது சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.