குவான் யூ எத்தனை பாயின்ட்?

கணினியில் எழுத்தளவுக்கு 12 என்று தட்டும் எவரும் அது சீன அளவையில் எவ்வளவு என்று ஒரு கணமும் யோசிப்பதில்லை. அளவையியலுக்கு நேர்ந்த இப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

முதலில் கலைச்சொல். சீன அடிக்கு மாண்டரினில் ‘ச்சீ’ என்று பெயர். வாசகர் முகம் சுளிக்க வேண்டாம், திட்டவில்லை, அளக்கிறோம். அதில் பத்தில் ஒன்று ‘சுன்’, சுன்னில் பத்தில் ஒன்று ‘ஃபென்’. கணினி எழுத்தளவின் அலகோ பாயின்ட்: அங்குலத்தை 72 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு பாயின்ட். (பிரான்சின் டீடோ பாயின்ட் சற்றுப் பெரியது. அதை அவர்களே ஆராய்ந்துகொள்ளட்டும்.) மீட்டரில் மூன்றில் ஒரு பங்கான இன்றைய சீனத்து ச்சீக்கு 944.88 பாயின்ட், தைவான் ச்சீக்கு 858.98. இரண்டிலும் தசமம் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூளாய் உறுத்துகிறது.

மெய்சிலிர்ப்பு ஹாங்காங்கில் காத்திருந்தது. அங்கே ச்சீக்குப் பெயர் ‘செக்’. வங்கியில் போட முடியாது. சட்டப்படி அது 0.371475 மீட்டர், அதாவது பதினான்கரையே அரைக்கால் அங்குலம். 72ஆல் பெருக்கினால் 1053 பாயின்ட். தசமமே கிடையாது! நம்பிக்கையில்லாமல் மூன்று முறை பெருக்கியதில் காப்பி ஆறிப்போயிற்று. அந்தச் செக்கில் நூறில் ஒரு பங்கு 10.53 பாயின்ட். சீனர்கள் கணினியில் வழக்கமாகப் பயன்படுத்தும் ‘ஐந்தாம் எண்’ எழுத்தோ 10.5 பாயின்ட். வேறுபாடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். இது தற்செயல் என்பார்கள். தற்செயல்தான். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அதை ஒப்புக்கொள்ளும் வழக்கமில்லை.

இனி, பயன்பாடு. மூன்று ராஜ்யங்களின் கதை சொல்லும் சீன நாவலில் வீரன் குவான் யூவின் உயரம் 9 ச்சீ. ஹாங்காங் கணக்கில் 9477 பாயின்ட். மூன்றே கால் மீட்டரையும் தாண்டிய ஆள். அவர் ஏறிய குதிரையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. நல்லவேளையாக ஹான் காலத்து ச்சீ ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்தான். அதன்படி ஆள் இரண்டு மீட்டரும் கொஞ்சமும், 5900 பாயின்ட் சுமார். குதிரை பிழைத்தது.

ஆய்வு சறுக்கிய இடம் அக்குபங்சர். அங்கே ஒரு சுன் என்பது நோயாளியின் பெருவிரல் கணுவின் அகலம். ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கேல் வைத்து அளந்தேன். எனக்கு 22 மில்லிமீட்டர், என் மனைவிக்கு 18. முழங்காலுக்குக் கீழே 3 சுன் தள்ளி ‘சூசான்லி’ என்றொரு பாயின்ட் உண்டு. என் காலில் அந்தப் பாயின்ட் 187ஆவது பாயின்ட்டில் இருக்கிறது. மனைவியின் காலில் 153ஆவது பாயின்ட்டில். முடிவை உறுதிசெய்ய அக்கம்பக்கத்தில் இன்னும் சில முழங்கால்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இசையாததால் தரவு இரண்டோடு நிற்கிறது.