மறைமலைநகர் அடுக்களைகளில் செவ்வெறும்பு: ஒரு மூவறிவு ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மறைமலைநகர் வீடுகளின் சமையல் மேடை, சுவிட்ச் பாக்ஸ், முறுக்கு டப்பா ஆகிய முப்பெரும் தலங்களில் வீட்டு வரி கட்டாமல் வாழும் செவ்வெறும்பே இவ்வாய்வின் பொருள். கடிக்காத பிள்ளையார் எறும்பு ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. அதன் மேல் எவருக்கும் புகார் இல்லை.

2. குடியேற்ற வரலாறு

1804-இல் ஃபாப்ரிசியஸ் அறிவியல் பெயர் சூட்டிய 'சொலினாப்சிஸ் ஜெமினேட்டா' என்னும் இந்த நெருப்பெறும்பு அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில் டிக்கெட் எடுக்காமல் ஏறி ஆசியாவுக்கு வந்தது என்கிறது 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வு. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் இதற்கு இத்தனை செல்வாக்கா என்று கேட்கலாம். அதே கண்டத்திலிருந்து வந்த மிளகாய்க்கு எப்போதோ குடியுரிமை கொடுத்துவிட்டோம். எரிச்சல் இரண்டுக்கும் பொது.

3. முன்னோர் துணிபு

தொல்காப்பியர் மரபியலில் எறும்புக்கு மூன்று அறிவே அளந்தார்: தொடுதல், சுவைத்தல், முகர்தல். எறும்புக்குச் சிறு கண்கள் உண்டு என்று பிற்காலப் பூச்சியியலார் திருத்தினாலும், வரிசை கட்டுவது மோப்பத்தால்தான் என்பதில் அவர்களுக்கும் மறுப்பில்லை. இரையைக் கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது கொடுக்கைத் தரையில் இழுத்து ஒரு வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகிறது. பின்னால் வருவோருக்கு அதுவே ஜி.எஸ்.டி. சாலை. சோப்புத் தண்ணீரால் துடைத்தால் சாலை அழியும், ஊர் அழியாது. மறுநாள் வேறொரு சாலை திறக்கப்படும்.

4. லட்சுமண ரேகைக் கொள்கையும் அதன் வீழ்ச்சியும்

முந்தைய தலைமுறை மூலைக்கு மூலை தூவிய பி.எச்.சி. பொடி 1997-இல் தடைசெய்யப்பட்டது. பின்னர் எறும்பு சாக்பீஸின் ஆட்சி. கோட்டைத் தொட்ட எறும்பு சாகும் என்பது உண்மை. ஆனால் கம்பனைப் படித்தவர்கள் இக்கொள்கையை அன்றே ஐயுற்றிருக்க வேண்டும். கம்பராமாயணத்தில் லட்சுமணன் கோடே போடவில்லை. இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். அடியிலிருந்து வரும் பகைவனைக் கோடு என்ன செய்யும்? செவ்வெறும்பு மண்ணில் கூடு கட்டுவது. டைல்ஸ் இடுக்கின் வழியே கோட்டுக்கு உட்புறமாகவே தலை நீட்டுகிறது. மேலே ஆயிரம் எறும்பு செத்தாலும் ராணி கீழே முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும்.

5. கடி பற்றிய மூடநம்பிக்கை

இது கடிப்பது பிடிமானத்துக்காக. எரிச்சல் தருவது பின்புறக் கொடுக்கு. அந்த நஞ்சில் பெரும்பங்கு ஃபார்மிக் அமிலம் அன்று, ஆல்கலாய்டு. ஆகவே அமிலத்தை முறிக்குமென்று தடவும் சுண்ணாம்புக்கு அங்கே உத்தியோகம் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் வைத்து, சொறியாமல் இருப்பதே சிகிச்சை. முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவும்.

6. மெல்லக் கொல்லும் கோட்பாடு

வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. திரவத்தைக் குடித்துப் போய், வாயோடு வாய் வைத்துக் கூட்டுக்கெல்லாம் பங்கிடும். இந்தக் கூட்டுக்குடும்ப நற்பண்பே அதன் பலவீனம். உடனே கொல்லும் மருந்து தூக்கிப் போகிறவனோடு வழியிலேயே முடிந்துவிடும். மெல்லக் கொல்வது ராணி வரை போய்ச் சேரும். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரே போதும்: நூறு பங்கு சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரு பங்கு. கூடப் போட்டால் எறும்பு தொடாது, தொட்டாலும் வீடு போய்ச் சேராது. பஞ்சில் நனைத்து, குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாத மூலையில் வைக்க வேண்டும்.

இங்கேதான் இல்லறச் சிக்கல் எழுகிறது. இரை வைத்தபின் வரிசையைத் துடைக்கக் கூடாது. வீட்டுக்காரர் வைத்துவிட்டு ஆபீஸ் போவார். வீட்டுக்காரம்மா, கண்ணெதிரே ஊர்வலம் போவதைச் சகிக்காமல், ஈரத்துணியால் துடைத்துவிடுவார். மாலையில் நடக்கும் விவாதத்தால் பலன் பெறுவது ராணி ஒருத்திதான்.

7. எதிர்வாதம்

எறும்புக்கு உணவிடவே வாசலில் அரிசி மாவுக் கோலம் என்பது மரபு. திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாக வந்து வழிபட, அவர்கள் ஏறுவதற்கு ஏதுவாக ஈசனே சாய்ந்து கொடுத்தார் என்கிறது தலபுராணம். வாசலில் தானமும் அடுக்களையில் தண்டனையும் முரண் அல்லவா என்பர். அன்று: தானத்துக்கு இடம் வாசல் என்று எல்லை வகுத்ததே கோலத்தின் நுட்பம்.

8. முடிபு

டைல்ஸ் இடுக்கை வெள்ளை சிமெண்டால் அடைக்க வேண்டும். ஆனால் இரை வேலை முடிந்த பிறகுதான். ஐப்பசி மழை கூட்டுக்குள் தண்ணீர் விட்டதும் எறும்பு மேடு தேடி வீட்டுக்குள் ஏறும். ஆகவே புரட்டாசியிலேயே இரை வைத்துவிட வேண்டும். வைத்தபின் சில நாள் துணியைத் தொடாமல் இருக்கக் குடும்பத்தார் அனைவரும் உடன்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினம். மற்றவையெல்லாம் கடையில் கிடைக்கும்.