சனி பார்வையில் சூரிய மின்சாரம்

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை எள் தீபம் ஏற்ற நிற்கிறவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் தேவையில்லை. சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம், ஒரு சுற்றுக்குச் சுமார் முப்பது. தேசத்தின் எரிசக்தித் திட்டங்களுக்கும் இந்தப் பஞ்சாங்கம்தான் சரிப்படும்.

2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தார்: 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு. நாற்பத்தொன்பது வருஷம், சனிக்கு ஒன்றரைச் சுற்றுக்கும் மேல். தவணை தவறினால் யாரைப் போய்ப் பிடிப்பது? அந்தக் கவலையும் அடுத்த தலைமுறைக்கே.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக ஈனுலையை 2004-இல் கட்ட ஆரம்பித்தார்கள். 2010-இல் ஓடும் என்றார்கள். உலையின் மையத்தை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில். எட்டு ராசி! ஏழரைச் சனிகூட மூன்றோடு விட்டுவிடுவார்.

சூரியனின் பிள்ளைதான் சனி. இருவருக்கும் ஆகாது என்பது ஜோசியம். வீட்டு மாடியிலும் அதே கதைதான். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் சூரியத் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பணம் தயார், வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அடுக்ககத்தில் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, வடாம் போக மிஞ்சிய இடம் யாருக்கு என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தால், மேல்வீட்டுக்காரர் “தளம் ஒழுகும்” என்பார். கீழ்வீட்டுக்காரர் அவசரமே படமாட்டார்: “ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் சும்மா வருதே சார், அப்புறம் எதுக்கு?”