தீர்ப்பு வந்தது, பங்கு ஏறியது

கூகுள் ஏகபோக நிறுவனம்தான். தேடலில் உள்ள அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறியதும் உண்மைதான். 2020-இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் இப்படித் தீர்ப்பெழுத வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தாவுக்கு 2024 ஆகஸ்ட் ஆனது. பரவாயில்லை, நீதி நின்று கொல்லும் என்று காத்திருந்தோம்.

புதுப் போனைத் திறந்ததும் தேடுபெட்டியில் கூகுள் உட்கார்ந்திருக்கிறதே, அது காசு கொடுத்துப் பிடித்த இடம். 2021-இல் மட்டும் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். மறு ஆண்டு ஆப்பிள் ஒன்றுக்கே 2,000 கோடி. எங்கள் தேடுபொறிதான் சிறந்தது, மக்கள் விரும்பித்தான் வருகிறார்கள் என்று கோர்ட்டில் வாதாடியவர்களும் இவர்களே. விரும்பி வருகிறவனை மடக்க வாசலில் இத்தனை கோடி எதற்கய்யா?

ஆப்பிளின் யோக்கியதை தனிக் கதை. உங்கள் அந்தரங்கமே எங்களுக்குப் பெரிது என்று ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைக்கும். தன் சஃபாரி உலாவியில் நீங்கள் தேடியதால் கூகுள் சம்பாதித்த விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 36 டாலரைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொள்ளும். அந்த 36-ஐக்கூட ஒரு சாட்சி வாய்தவறிச் சொன்னதால்தான் உலகம் அறிந்தது.

ஊழியர்களின் சாட் உரையாடல்கள் தானாக அழியும்படி கூகுள் வைத்திருந்ததையும் நீதிபதி கண்டார். கண்டித்தார். அதற்கெனத் தண்டனை ஏதும் தராமல் விட்டார்.

2025 செப்டம்பர் 2. பரிகாரம் வந்தது. கூகுள் தன் உலாவியான குரோமை விற்க வேண்டாம். கூகுளைத் தவிர வேறு யாரையும் சேர்க்காதே என்று ஒப்பந்தம் போடக்கூடாது. தேடல் தரவில் கொஞ்சம் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும். பணம்? தாராளமாகக் கொடுக்கலாம். நிறுத்தினால் வாங்கிப் பழகியவர்கள் நொடித்துப்போவார்களாம். ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பகுதியே கூகுள் பணம்தான். திருட்டை நிறுத்தினால் திருட்டு நகை வாங்கும் சேட்டு பட்டினி கிடப்பார் என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தாவது சொல்லியிருக்குமா?

இன்னொரு காரணம், செயற்கை நுண்ணறிவு வந்து களமே மாறிவிட்டதாம். ஐந்து ஆண்டு இழுத்தால் களம் மாறாமல் என்ன செய்யும்?

மறுநாள் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு விலை நூற்றுக்கு எட்டுக்கு மேல் ஏறியது. ஆப்பிளுக்கும் ஏறியது. சட்டத்தை மீறியதற்கு இந்த வழக்கில் கூகுள் கட்ட வேண்டிய அபராதம், ஒரு டாலர்கூட இல்லை.